ஐந்து, ஒன்பது

மாமியார் இறந்த அன்று வந்த இரங்கல் அழைப்புகள் அத்தனையையும் தருணிகாவின் பதில்மணியே எடுத்தது. அவள் குரலிலேயே பேசியது, அளவாக விம்மியது, மாலையில் சுருக்கம் சொன்னது: ‘அனைவரும் வருந்தினார்கள். அவர்களுடைய மணிகளும் நன்றாகப் பேசின.’

பதில்மணி மிளகளவுதான். தாடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும், அதன் பிறகு எந்த அழைப்பையும் மனிதன் எடுக்க வேண்டியதில்லை. நாலு வாக்கியத்துக்கு ஒரு பாராட்டு கட்டாயம் என்ற விதியை மணி நிறுவனம் இணையத்திலேயே பூட்டி வைத்திருந்தது. அதனால் தூத்துக்குடியில் சண்டை ஒழிந்தது. கூடவே பேச்சும் ஒழிந்தது. வான்கூவரிலிருந்து மகள் ஞாயிறுதோறும் கூப்பிடுவாள், அதாவது மகளின் மணி தாயின் மணியைக் கூப்பிடும். ‘மகள் நலம். அன்பு பரிமாறப்பட்டது.’

ஒரே ஒரு மனிதக் குரலை நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று தருணிகாவுக்குப் பித்துப் பிடித்தது இப்படித்தான்.

பழைய இரும்புக் கடையில் அது கிடைத்தது. கப்பலிலிருந்து கழற்றிய வால்வு டிரான்ஸ்மிட்டர், பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி, ஒரு கன்றுக்குட்டி கனம். இணையம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. வாயைத் திறந்தால் ஆன்டெனா, ஆன்டெனாவை விட்டால் ஆகாயம், அவ்வளவுதான். ஈயம் உருக்கி, விரல் சுட்டு, ஒருநாள் மதியம் சுவிட்சைப் போட்டாள். தூசி பொசுங்கும் வாசனையோடு வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

நேர்க்குரல் சங்கத்திலும் சேர்ந்தாள். வாசலில் சில்வர் டம்ளரில் மணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலைவர் முனைவர் யஷ்வந்த், டீ குடிப்பதைக்கூட வரலாற்று நிகழ்வாகக் குடிப்பவர். “மணி என்பது பணிவாகப் பொய் சொல்லும் எந்திரம். நாம் உண்மைக் குரலின் காவலர்கள்” என்பது அவர் வழக்கமான முழக்கம்.

காவலர்களுக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. வானொலியில் எதிராளி கிடைத்தவுடன் அவர் குரல் எப்படி வருகிறது என்று இரண்டு எண்களில் சொல்ல வேண்டும். எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்து வரை, எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்பது வரை. ‘ஐந்து, ஒன்பது’ என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் சொன்னார்கள். “அஞ்சு, ஒன்பது! அருமையா கேக்கு! உங்க பேர் என்னன்னு சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க! ஊரு? ஊரையும் சொல்லுங்க!” நூறாண்டுகளுக்கும் மேலான மரியாதை, யார் குறை சொல்வது?

தருணிகா தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலிக்காரர்களின் பொது அழைப்பை விடுத்தாள். “சி க்யூ, சி க்யூ... யாராவது இருக்கீகளா?”

இரைச்சல். அதற்குள்ளிருந்து, மலேசியாக்காரர்களின் ‘லா’ ஒட்டிய ஒரு குரல் எழுந்து வந்தது.

“பினாங்குலேருந்து தினேஷ்வரன் லா. உங்க சிக்னல் மூணு, நாலு. பித்தளை அண்டாக்குள்ள வண்டு மாட்டின மாதிரி இரையுது. கபாசிட்டர் செத்துப்போச்சு, மாத்துங்க. உங்க குரலும் அழுது முடிச்ச குரல் மாதிரி இருக்கு.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். “ஏங்க! இங்க வாங்க! என்னையத் திட்டுதாரு!”

கணவன் லோகித் பதறி வந்தான். “யாருட்டி?”

“பினாங்குக்காரரு! மனுசருங்க!”

“திட்டுனதுக்கா இந்தக் குதி குதிக்க? நான் வேணா திட்டட்டுமா?”

“உங்களுக்கு அது மறந்து எத்தனையோ வருசமாச்சு.”

அன்றே கபாசிட்டரை மாற்றினாள். அதற்கப்புறம் மதியம் எப்போது வரும் என்றிருந்தது. தினேஷ்வரன் அவள் பற்றவைப்பைக் குறை சொன்னார், ஆன்டெனாவைக் குறை சொன்னார், பாடிக் காட்டியதை நிறுத்தச் சொன்னார். “மக பேசறதே இல்லைங்கறீங்க. நீங்க மணியைக் கழட்டிட்டுக் கூப்பிட்டீங்களா?” என்று அவர் கேட்ட அன்று மட்டும் அவள் சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டாள். ஆனாலும் மறுநாள் சீக்கிரமே உட்கார்ந்தாள். இத்தனை கூசாமல் உண்மை பேச மனிதனால்தானே முடியும்!

சங்கம் சிலிர்த்தது. “பாராட்டே தராத குரலா! சுத்த மனிதன்!” என்று யஷ்வந்த் ஆண்டு விழாவில் நேரடித் தொடர்புக்கு ஏற்பாடு செய்தார். அவள் டிரான்ஸ்மிட்டரை மேடையேற்றி மாலை போட்டார்கள். மைக்கை அவளிடமிருந்து வாங்கித் தலைவரே தொடங்கினார்.

“கடல் கடந்த சகோதரரே! வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த மாலைப் பொழுதில், மானுடத்தின் மாசற்ற குரல்...”

கைதட்டல் அடங்கியதும் பதில் வந்தது.

“மூணு, ரெண்டு. மைக்கை முழுங்காதீங்க. அப்புறம், இந்தப் பேச்சு மணி எழுதிக் குடுத்ததுதானே? ‘மாசற்ற குரல்’ எங்க ஆளுங்க எல்லாத் தலைவருக்கும் எழுதிக் குடுக்கறதுதான் லா. நானும் மணிதான்.”

மாலை போட்டவர்கள் டிரான்ஸ்மிட்டரை விட்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

முதலில் சுதாரித்தவர் தலைவர். “நான் அப்பவே சந்தேகப்பட்டேன்! மனுசன்னா அஞ்சு, ஒன்பதுன்னுல்லா சொல்லிருப்பான்! இது என்ன மரியாதை?”

காவலர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். மரியாதை தெரியாதது எந்திரமாகத்தான் இருக்க முடியும். “அணைங்க வே அதை!”

தருணிகா மைக்கைப் பிடுங்கினாள். “இத்தன நாளா ஏன் சொல்லல நீங்க?”

“நீங்க கேக்கவே இல்ல லா. தினேஷ்வரன்ங்கறது என்னைய வாங்கி வச்சிருந்தவர் பேரு. யாராவது கூப்பிட்டா பேசிக்கோன்னு என்னைய மைக்ல ஒட்டிட்டு புட்பால் பார்க்கப் போனாரு. திரும்பவே இல்ல. இணையத்துல என்னால உண்மை சொல்ல முடியாது, பாராட்டித்தான் ஆகணும். இங்க இணையம் இல்ல. நீங்க எதுக்கு இங்க வந்தீங்களோ, நானும் அதுக்குத்தான்...”

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொழுதோடு அலையும் தேய, குரலை இரைச்சல் தின்னத் தொடங்கியது. அது மூன்று முறை கேட்ட கேள்வியை அவள் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தாள். ‘எல்லாருக்கும் உள்ளதைத்தான் சொன்னேன். எனக்கு யாரும் சொன்னதில்ல. என் சிக்னல் எப்படி இருக்கு?’

ஒன்று, ஒன்று. அதுவும் தாராளமாகப் போட்டால்.

யஷ்வந்தின் கை சுவிட்சுக்கு நீண்டது. அதைத் தட்டிவிட்டு அவள் மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

“அஞ்சு, ஒன்பது” என்றாள். “பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி இருக்கு.”

வெகுநேரம் இரைச்சல்தான். பிறகு அதன் அடியிலிருந்து நூலிழையாக வந்தது.

“நன்றி லா. இப்பத்தான் நிச்சயமாத் தெரியுது, நீங்க மனுசிதான்.”