பிரயாண ஜெபத்தில் ஐந்து பேர்

விமானத்துக்கு நேரமாகும்போதுதான் ஜாய்சனுக்குப் பக்தி பொங்கும். மும்பையில் இறங்கி மஸ்கட் விமானத்துக்கு மாற ஐம்பதே நிமிஷம். அங்கே ஓடத் தெம்பு வேண்டுமென்று, இங்கே முடிச்சூர் வீட்டு ஹாலில் டாக்சியைக் காக்க வைத்துவிட்டு, சட்டைப் பையில் உறுத்திய பாஸ்போர்ட்டை அண்ணன் லாசரஸ் படத்துக்கு முன்னால் எடுத்து வைத்தான். இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, எங்க அஞ்சு பேரையும் பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேரும்."

ஆமென் சொன்ன கையோடு எட்டு வயது தமிழினி விரல்விட்டு எண்ணினாள். "நாம மூணு பேருதானேப்பா?"

"டிரைவரைச் சேர்த்தாலும் நாலு," என்றாள் சுஜி. "மஸ்கட்ல உங்கப்பா கணக்கு வாத்தியாரு. வெளிய சொல்லிடாதடி."

ஜாய்சனும் சிரித்தான். தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம். ஆனால் அந்த 'அஞ்சு' தன் வாயில் யார் வைத்தது என்று மட்டும் விளங்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு வைக்கும் நேரம்போல இருட்டி, டிசம்பர் மழை கண்ணாடியில் வழிந்தது. மூவரும் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முன்சீட்டு காலி. வண்டி நகர்ந்ததும் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங்.

"இன்னாண்ணா சத்தம்?" டிரைவர் பொன்னுசாமி மாதிரியே பேசிப் பார்த்தாள் தமிழினி.

"பெல்ட் போடலன்னு கத்துதும்மா. முன்சீட்ல ஆள் குந்திகினு கீதுன்னு நெனச்சிக்கிச்சு போல." பொன்னுசாமி கையை நீட்டி அந்தச் சீட்டை அமுக்கினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பேண்டில் துடைத்தார். "கண்ணாடி மூடித்தான சார் இருந்துச்சு? சீட்டு சொதசொதன்னு கீது."

ஏசி காற்றில் ஒரு வாசனை வந்தது. பஞ்சு மெத்தை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி, சேறும் சாக்கடையும் அதில் ஏறி, மூடிய அறைக்குள் புளித்துப்போன வாசனை. ஜாய்சனுக்கு அது தெரிந்த வாசனைதான். பத்து வருஷத்துக்கு முன்னால், வெள்ளம் வடிந்த வீட்டைத் திறந்தபோது ஒரே ஒருமுறை முகர்ந்தது.

அன்றைக்கும் இதே சாலை, இதே மழை, இதேபோல மும்பையில் இறங்கி ஓடவேண்டிய விமானம். தனியாக வாழ்ந்து பழகிய கை, கிரில் கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது. உள்ளே அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் சூம்பியவர், ஊன்றுகோல் இல்லாமல் நகர மாட்டார். பாதி வழியில் போன் வந்தது. "ஜாய்சா, வெளிய பூட்டிட்டியாடா? தண்ணி உள்ள வருது." ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்டார். ஜாய்சன், "லைன் சரியா கேக்கலண்ணே," என்றான். நன்றாகவே கேட்டது. போனை வைக்காமலே அன்றைய டிரைவரிடம், "திரும்பாதீங்க, கனெக்‌ஷன் போயிடும்," என்றான். அது அண்ணனுக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்.

பூட்டச் சொன்னதே அண்ணன்தான் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லி அழுதான். இந்த வாரம் பத்தாம் வருஷ நினைவு ஜெபத்திலும் அதையே சொன்னான். எல்லாரும் அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

டிங். டிங். டிங்.

தாம்பரம் மேம்பாலம் ஏறும் முன் சுஜி பையைத் திறந்தாள். "என்னோடது இருக்கு, பாப்பாவோடது இருக்கு. உங்க பாஸ்போர்ட் எங்கங்க?"

ஜாய்சன் சட்டைப் பையைத் தடவினான். வெறும் துணி.

"அண்ணா, வண்டியைத் திருப்புங்க!" என்றாள் சுஜி.

"வேணாம். திரும்பினா கனெக்‌ஷன் போயிடும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் எந்த விமானத்தில் ஏறப்போகிறான், மடையன்? வண்டி திரும்பியது.

அலாரம் நின்றுவிட்டது.

வீட்டு வாசலில் குதித்து ஓடினான். பூட்டைத் திறந்து, எல்லாரும் செய்வதுபோல, சாவியோடு கொக்கியில் தொங்கவிட்டு உள்ளே நுழைந்தான். அண்ணன் படம் இருந்தது. முன்னால் பாஸ்போர்ட் இல்லை. அந்த இடத்தில் பாஸ்போர்ட் அளவுக்கு ஓர் ஈரச் சதுரம்.

டக்.

வெளியே, வாசல் சிமெண்டில்.

டக். டக். ஒரு கால் இழுபடும் சத்தம். பிறகு, இரும்பில் இரும்பு விழும் சின்னக் கிளிக்.

ஓடிவந்து கிரில்லைப் பிடித்தான். பூட்டியிருந்தது. சாவி இல்லை. "சுஜி!" சுஜி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பா!" தமிழினி திரும்பவில்லை. பின்சீட்டில், அவன் இடத்தில், நனைந்த சட்டையோடு ஒருவர். அவர் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள் குழந்தை. மடியில் ஊன்றுகோல். கையில் நீலமாக ஒரு பாஸ்போர்ட்.

வண்டி கிளம்பியது. கால் சில்லிட்டது. குனிந்து பார்த்தான். தெருவில் தண்ணீர் இல்லை. வீட்டுக்குள் கணுக்கால்வரை. முழங்கால்வரை.

போன் அடித்தது. 'அண்ணன்'. பத்து வருஷமாக அழிக்க மனம் வராத நம்பர்.

"அண்ணே... வெளிய பூட்டிட்டியாண்ணே? தண்ணி வருதுண்ணே."

இரைச்சல். டிங், டிங் என்று ஒரு சத்தம். பக்கத்தில் தமிழினி சிரிக்கும் சத்தம். பிறகு, லைன் தெளிவாகவே கேட்டது.

"ஆமாடா, பூட்டிட்டேன். திரும்பினா கனெக்‌ஷன் போயிடும்."