இடப்பக்கம் திரும்புங்க

மழை பிடித்துக்கொண்ட அந்த மாலையில் மூன்றாம் தளத்தில் இருந்தவர்கள்: அவள்; பக்கத்து இருக்கையில், வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய இன்னொருத்தி; கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர்; வெளியே வராந்தாவில், எல்லோருடைய போன்களையும் பூட்டி வைக்கும் பெட்டிகளுக்குக் காவலாக செக்யூரிட்டி. வீட்டில் இருந்தவள்: ஒன்பது வயது மகள் சுண்டு. சித்தி வேலை முடிந்து வந்து சேரும்வரை சுண்டு தனியாகத்தான் இருப்பாள். வேறு யாரும் கணக்கில் இல்லை.

அவளுக்கு முகம் பார்க்கிற வேலை. வங்கியில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் வீடியோவில் வருவார்கள். வந்திருப்பது உண்மையான ஆளா, யாருடைய முகத்தையோ திருடி மாட்டிக்கொண்டு வந்த ஆளா என்று அவள் சொல்ல வேண்டும். இடப்பக்கம் திரும்பச் சொல்வாள். முகத்துக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோகச் சொல்வாள். திரையில் தோன்றும் எண்களைப் படிக்கச் சொல்வாள். போலி முகத்துக்கு அந்தத் தளத்தில் மெழுகு என்று பெயர். எந்த மெழுகும் எங்காவது ஓரிடத்தில் உருகிவிடும். இதுவரை அவள் கண்ணுக்கு ஒன்றுகூடத் தப்பியதில்லை.

அன்று முதலில் வந்தவர் ஒரு தச்சர். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் இடப்பக்கம் திரும்பினார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே சார்."

"சொன்னீங்களேம்மா. அவசரமில்ல, மெதுவா இடப்பக்கம் திரும்புங்கன்னு."

அது அவள் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம்தான். ஆனால் சொல்லவில்லை. நாக்கு இன்னும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தச்சரின் காது, கழுத்து, முடியோரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. அனுமதித்து அனுப்பினாள்.

அடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். எண்களைப் படித்தார். ஆறு வரை மளமளவென்று வந்து, ஒரு சின்ன மூச்சு விட்டு, ஏழு என்பதைத் தாழ்த்திச் சொன்னார்.

ரேடியோ நாற்காலியோடு உருண்டு வந்தாள். "ஏய், இந்தத் தாத்தா அப்படியே உன்ன மாதிரி எண்ணுறாரு. அந்த ஏழுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுப்பியே, அதேதான். சொந்தக்காரரா? இருந்தா சொத்துல பங்கு கேளு."

"போடி, போய் உன் வேலையப் பாரு."

சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தளத்தின் சத்தங்கள் ஒவ்வொன்றாக அவளுக்குக் கேட்கத் தொடங்கின: ஜன்னலில் வழியும் மழை, சுவரோரம் சாய்த்து வைத்த குடைகளிலிருந்து சொட்டும் தண்ணீர், குளிரூட்டியின் வயிற்றுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு கீறல், அதற்கெல்லாம் அடியில், காதில் மாட்டிய ஹெட்செட்டில், அழைப்பே இல்லாதபோதும் ஒரு மூச்சு. இழுத்து, விட்டு, இழுத்து. அவள் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் நின்றது.

அப்போதுதான் மாதிரி வீடியோ ஞாபகம் வந்தது.

போன கோடையில் சூப்பர்வைசர் கேட்டிருந்தார். "புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்மா. உன்ன விட்டா யாரு இவ்வளவு சுத்தமா செய்வா?" பாராட்டு அவளுக்கு அரிது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு விடுமுறை முழுவதும் பதிவு செய்தாள். இடம், வலம், மேல், கீழ். கண்ணாடி போட்டு, போடாமல். சிரித்து, முறைத்து, கொட்டாவி விட்டு. முகத்துக்குக் குறுக்கே கை. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எல்லா எண்களும். பின்னால் திறந்து கிடந்த வாசல் கதவும் அதில் ஒட்டிய வீட்டு எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. கணக்குத் தொடங்க வருகிறவர்களிடம் தினமும், "பின்னாடி எதுவும் தெரியாம உக்காருங்க, தேவைக்கு மேல எதையும் காட்டாதீங்க" என்று சொல்கிறவள் அவள்தான். பயிற்சிக்கு வந்தவர்களால் வீடியோவைத் திறக்க முடியவில்லை என்று யாரோ புகார் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டாள். மாற்றியதை மறந்துவிட்டாள். ஒரு முழு மனுஷியைக் கழற்றி, பாகம் பாகமாகத் தெருவில் அடுக்கி வைத்ததற்குச் சமம் அது.

அதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. அவள் தன் தொழிலை மகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

மணி அடித்தாலும், தெரிந்த குரல் கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. அம்மா வீடியோவில் வந்து முகம் காட்ட வேண்டும். சுண்டு சொல்கிறபடி இடமும் வலமும் திரும்ப வேண்டும், கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டும், எண்ண வேண்டும். கடைசியில் சுண்டு தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தாள்: நாக்கை நீட்ட வேண்டும். அது சுண்டுவின் குறும்பு. மாதிரி வீடியோவில் அது கிடையாது.

அது கிடையாது என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். மூச்சு சீரானது.

மூன்றாவது அழைப்பு வந்தது.

திரையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முகம். வலது புருவத்துக்கு மேலே அம்மை போட்ட குழி. பின்னால் அவள் வீட்டுச் சுவர் இல்லை. எந்தச் சுவரும் இல்லை. மங்கலான மஞ்சள் வெளிச்சம், மாடிப்படியின் கைப்பிடி, ஈரமான தரை. வாசலுக்கு வெளியே இருக்கும் படிக்கட்டு அது.

"யாரு?" என்றாள்.

அந்த முகம் அவளைப் பார்க்கவில்லை. வேறு யாரையோ பார்த்தது. யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்டது. பிறகு இடப்பக்கம் திரும்பியது. காத்திருந்தது. வலப்பக்கம் திரும்பியது. கையை உயர்த்தி முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனது. உருகவில்லை. ஒரு விரல்கூட உருகவில்லை. எண்ணியது. ஆறு. மூச்சு. ஏழு.

அலுவலகத்தில் வலப்பக்கம் திரும்பச் சொல்ல மாட்டார்கள். இந்த வரிசையில் கேட்கிறவள் ஒருத்திதான்.

முகம் தயங்கியது. புரியாததுபோலத் தலையைச் சாய்த்தது. அடுத்தது அதற்குத் தெரியாது. தெரியாது. தெரியக் கூடாது.

வாய் திறந்தது. நாக்கு வெளியே வந்தது. கொஞ்சம் நீளமாகவே வந்தது.

"அவ்வளவுதானே?" என்றது அவள் குரல். "மழையில நனைஞ்சுட்டேன்டி. திற."

அவள் கத்திக்கொண்டு எழுந்தாள். ஹெட்செட் வயர் இழுத்து மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்தார்.

"எங்க போற? லைன்ல ஆள் இருக்குல்ல?"

"சார், அது நான்."

"யாரு?"

"ஸ்கிரீன்ல. அது நான்தான் சார். என் வீட்டு வாசல்ல நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். திரையில் படிக்கட்டு மட்டும் இருந்தது. "ஆளே இல்லையேம்மா. ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதன்னா கேக்குறியா?"

அவள் ஓடினாள். வராந்தாவில் பாதி விளக்குகள் எரியவில்லை.

"போன். என் போன் குடுங்கண்ணே."

"ஷிப்ட் முடியலையேம்மா. சார் கையெழுத்து..." செக்யூரிட்டி அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டுச் சாவிக்கொத்தைத் துழாவினார். ஒரு சாவி சேரவில்லை. இன்னொன்றும் சேரவில்லை. மூன்றாவது சேர்ந்தது.

சுண்டு உடனே எடுத்தாள்.

"இரும்மா, வர்றேன். தாழ்ப்பாள் எட்டல, ஸ்டூல் எடுக்கிறேன்."

"திறக்காத! சுண்டு, கதவத் திறக்காத!"

"ஏன்? நீதானே வெளியில நிக்கிற?"

"அது நான் இல்ல. நான் ஆபீஸ்ல இருக்கேன்."

ஸ்டூலைத் தரையில் வைக்கும் சத்தம்.

"உன்ன செக் பண்ணிட்டேன்ல. நாக்குகூட நீட்டுனியே."

"அது வேற யாரோடி! சீக்கிரம் உள் ரூமுக்குப் போ, உள்ளிருந்து பூட்டிக்கோ, ஓடு!"

"வீடியோ போடுங்க," என்றாள் சுண்டு.

அந்த 'ங்க' அவளுக்குப் புதிது. மகள் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

போட்டாள். வராந்தாவின் மூலையில் சிக்னல் ஒற்றைக் கோடாக இருந்தது. திரையில் சுண்டுவின் முகம், தொழில் தெரிந்தவளின் முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"அவசரமில்ல. மெதுவா இடப்பக்கம் திரும்புங்க. அப்புறம் வலப்பக்கம்."

திரும்பினாள்.

"கையக் குறுக்க கொண்டு போங்க."

கொண்டுபோனாள். மூலையில் தெரிந்த அவளுடைய சின்னப் படம் உறைந்து, சதுரம் சதுரமாக உடைந்து, மீண்டும் சேர்ந்தது. மூக்கு ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

"உருகுது," என்றாள் சுண்டு.

"சிக்னல் இல்லடி கண்ணு. நான் அம்மாடி. சத்தியமா அம்மா."

"எண்ணுங்க."

எண்ணினாள். பல் கிட்டியது. ஆறு, ஏழு, எட்டு. மூச்சே விடாமல்.

சுண்டு தலையாட்டினாள். கோபம்கூட இல்லை. "எங்கம்மா இப்படி எண்ண மாட்டாங்க. அவசரப்படுத்துறவங்க, அழுறவங்க, சத்தியம் பண்றவங்க எல்லாம் மெழுகுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"சுண்டு!"

"அம்மா வாசல்ல நனையுறாங்க. உங்களோட பேச நேரமில்ல."

சுண்டு போனை அணைக்காமல், அவசரத்தில் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள். திரையில் கூரை. சுற்றும் விசிறி. அவள் அலறினாள். செக்யூரிட்டி ஏதோ கேட்டார். பின்னால் ரேடியோ ஓடி வந்து, "யாராவது பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுங்களேன்" என்றாள். பக்கத்து வீட்டு எண் அவள் கையிலிருந்த போனில்தான் இருந்தது. அழைப்பை வெட்டினால்தான் அந்த எண்ணைக் கூப்பிட முடியும். விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

மழைச் சத்தம் வீட்டுக்குள் பெருகியது. ஈரச் செருப்புகள் கழன்று விழுந்தன. ஒன்று. சற்று நேரம் கழித்து, இன்னொன்று.

"துண்டு வேணுமா?" என்றாள் சுண்டு.

"வேணாம்டி," என்றது அவள் குரல், அன்பாக, சோர்வாக, நாள் முழுவதும் வேலை பார்த்த குரலாக. "முதல்ல கதவ நல்லாப் பூட்டு. கண்டவங்க உள்ள வந்துருவாங்க."

ஸ்டூல் இழுபட்டது. கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சாவி ஒருமுறை திரும்பி, நின்று, இன்னொரு முறை திரும்பியது.