டோரிஸ் நுரை கக்கிய காலை

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: குவீன்ஸ்லாந்து மாநிலம் டுவூம்பா நகரில், மூடுபனி இன்னும் மலைச்சரிவை விட்டு விலகாத ஒரு வியாழக்கிழமைக் காலையில், மனிதகுலத்தின் நெடுநாள் அழுக்கைத் தீர்க்கவல்ல மாபெரும் இயந்திரம் ஒன்று முதன்முதலாகப் பொதுச்சேவையில் இறக்கிவிடப்பட்டது. விழாவுக்கு வந்திருந்தவை இரண்டே உயிர்கள். ஒன்று, வேலிமேல் உட்கார்ந்திருந்த மேக்பை பறவை. மற்றொன்று மேவ் டொனெலன். வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடிவந்தவள்.

"என்னங்க இது! என் வீட்டு வாசல்ல ஏரோப்ளேன் ஏதும் இறங்கிடுச்சா?"

பழைய வேன் ஒன்றின் பின்கதவுக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. கன்னத்தில் கிரீஸ். அதற்கு மேலே இரண்டு கண்கள்... மழை பெய்து ஓய்ந்த யூகலிப்டஸ் இலையின் நிறம். மேவ் ஒரு கணம் பிரஷ்ஷை மறந்தாள். பேஸ்ட் மோவாயில் வழிந்தது. காவியக் காதலர்களின் முதல் சந்திப்பில் இது நடப்பதில்லை.

"கார்பெட் சுத்தம் பண்ண வந்திருக்கேன். ரோவன் ஸ்டாலர்ட். கொஞ்சம் பொறுங்க, டோரிஸுக்கு இன்னும் சூடேறல. காலைல அவ அப்படித்தான்... முனகிக்கிட்டே எழுந்திருப்பா."

"உங்க மனைவியைப் பத்தியா இப்படிப் பேசறீங்க?"

"மனைவியா? இதாங்க டோரிஸ்." வேனுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த இரும்புக் குவியலை அவன் தட்டிக்கொடுத்தான். "என் கையால கட்டினது."

விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் எஞ்சின். அதிலிருந்து பெல்ட் போட்டு, காற்றை இழுக்கும் ஒரு ப்ளோயர். எஞ்சின் சூட்டில் கொதிக்கும் நீர் நீளக் குழாய்வழியே வீட்டுக்குள் போய் கார்பெட்டில் பீய்ச்சும். ப்ளோயர் அந்த அழுக்கு நீரை உறிஞ்சித் திரும்ப இழுத்து, ஏதோ பால்பண்ணையில் கழித்துப்போட்ட பெரிய எஃகுத் தொட்டியில் கொட்டும். இதைக் கட்டுவதற்காக அவன் சுரங்க வேலையை விட்டிருந்தான். இன்றுதான் முதல் வேலை. இது தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடி சுரங்கத்துக்கே வருவதாக மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தான். கேட்காமலேயே இவ்வளவையும் சொல்லிவிட்டான். கையும் வாயும் ஒரு நிமிடம் சும்மா இருக்காத ஆள்.

மேவும் அப்படித்தான். ஒரே வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் அவளுக்கு உள்ளங்கால் அரிக்கும். நாளைக் காலை பெர்த் நகருக்கு விமானம், அங்கே புது வேலை. இந்த ஊர் வழக்கப்படி, வீட்டைக் காலி செய்கிறவர் கார்பெட்டை நீராவி போட்டுச் சுத்தம் செய்து காட்டினால்தான் வாடகை ஏஜெண்ட் சாவியை வாங்குவார். அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம், மனிதர் வாழ்ந்த தடயம். கூடத்து நடுவில் அப்படி ஒரு தடயம் இருந்தது. பர்கரிலிருந்து நழுவிய பீட்ரூட். தட்டளவு ஊதாக் கறை.

ரோவன் அதன் முன் மண்டியிட்டான். "இதுல முன்னாடி ஏதாவது ஊத்தித் தேய்ச்சீங்களா?"

மேவ் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

"ஏன் கேக்கறேன்னா, சில அறிவாளிங்க பாத்திரம் தேய்க்கிற சோப்பை ஊத்திடுவாங்க. அதைவிட முட்டாள்தனம் கார்பெட் உலகத்துலயே கிடையாதுங்க."

"சேச்சே... நான் எதுவும் ஊத்தல."

விடியும் முன்பே எழுந்து ஒரு பாட்டில் முழுக்க ஊற்றித் தேய்த்திருந்தாள். காலி பாட்டில் குப்பைத் தொட்டியில் தலைகீழாகக் கிடந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் 'அறிவாளி' பட்டம் வாங்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

அவன் வேலையைத் தொடங்கினான். குழாய் முனையில் மாட்டிய உறிஞ்சுகோலை முன்னே தள்ளினால் சூடான நீர், பின்னே இழுத்தால் ஒரு பெருமூச்சு. ஆவி எழுந்து ஜன்னலை மறைத்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சுவரோரம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்... நனைந்த சட்டை, புருவத்தில் ஆவித் துளி. இத்தனை ஊர் சுற்றியும் ஒரு மனிதன் கார்பெட்டை இப்படிப் பரிவோடு தொட்டு அவள் பார்த்ததில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"கோணலா போறீங்களோன்னு பாத்தேன்."

"கோணலாவா! நீங்க வேணா பிடிச்சுப் பாருங்களேன்."

பிடித்தாள். கோல் அவளை இழுத்துக்கொண்டு போனது. பின்னாலிருந்து அவன் கை வந்து கைப்பிடியைப் பற்றியது, அவள் கைமேலேயே. இருவரும் கொஞ்ச நேரம் கறையைப் பார்ப்பதுபோல் நடித்தார்கள். கோல் கறைமேல் போனது... வந்தது... மறுபடி போனது.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் நின்றது. ஏஜெண்ட் டெஸ்மண்ட் பர்செல். குறித்த நேரத்துக்கு முன்பே வருவதைத் தன் குலப்பெருமையாக நினைப்பவர். குடையை மடக்கி, வேனருகே நின்று, வாசலுக்கு வந்த மேவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"எங்க நிறுவனம் வெறும் வீட்டை வாடகைக்கு விடறதில்ல, மிஸ் டொனெலன். நம்பிக்கையை வாடகைக்கு விடறோம். அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் என்ன? கார்பெ—"

டோரிஸ் கனைத்தது. பிறகு கிறீச்சிட்டது. பிறகு அதன் புகைக்குழாய் வழியே வெள்ளையாக ஏதோ புறப்பட்டு, பர்செலின் கழுத்துப்பட்டை, கோட்டு, வழுக்கை என்று வரிசையாக வந்து உட்கார்ந்தது. நுரை! தெருவில் பாதிக்குப் பனி பெய்தாற்போல் நுரை. மேக்பை அலறிக்கொண்டு பறந்தது. பெல்ட் கருகும் நாற்றம்... அப்புறம் மௌனம்.

"மூணு மணிக்கு வருவேன்" என்றார் பர்செல். மூக்கு நுனியில் ஒரு குமிழி உடைந்தது. "நம்பிக்கையோட."

ரோவன் வேனின் பின்படியில் உட்கார்ந்துவிட்டான். மழை அவன்மேல் பெய்தது.

"தொட்டிக்குள்ள ஒரு மிதவைப் பந்து வச்சேங்க. தண்ணி ஏறினா பந்து எழும்பி ப்ளோயர் வழியை அடைச்சிடணும். அடைக்கல. எங்கயோ தப்பா அளந்துட்டேன். என்னால இதெல்லாம் முடியாதுன்னு அண்ணன் அப்பவே சொன்னான்..." தொட்டிக்குள் கைவிட்டு அந்தப் பந்தை எடுத்தான். "பிரிச்சு வித்துட்டு திங்கட்கிழமை சுரங்கத்துக்குப் போயிடறேன். உங்க காலைப் பொழுதைக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

மேவ் உள்ளே போனாள். ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டினாள். பிய்த்தாள். மறுபடி ஒட்டினாள். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். நாளை இந்நேரம் பெர்த். இந்தப் பொய் இங்கேயே கிடக்கும், யாருக்கும் தெரியாது. இதுவரை எல்லா ஊரையும் அவள் அப்படித்தானே விட்டு வந்திருக்கிறாள்... ஜன்னல் வழியே பார்த்தாள். அவன் அந்தப் பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு.

குப்பைத் தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"ரோவன்... பந்து மேல தப்பில்ல."

அவன் பாட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி பாட்டில்.

"முழுசாவா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும். உலகத்துலயே பெரிய முட்டாள் நான்தான். திட்டணும்னா திட்டிக்கங்க."

அவன் முகம் மலர்ந்தது. மன்னிப்பால் அல்ல. "அப்போ டோரிஸ் மேல தப்பே இல்லையா? நுரைதான்! நுரைக்கு எடை ஏது, பந்து எப்படி எழும்பும்! அய்யோ மேவ், நீ எவ்வளவு நல்லவ!"

தன் வாழ்நாளில் ஒரு பொய்க்காக இப்படிப் பாராட்டு வாங்குவாள் என்று மேவ் நினைத்ததில்லை. 'நீ' என்று வேறு சொல்லிவிட்டான்.

"துணி துவைச்சதும் வாசனைக்கு ஊத்துவாங்களே, அது இருக்கா? தொட்டில விட்டா நுரை படுத்துடும்."

எந்தப் பெட்டியில்? இருவரும் மண்டியிட்டு அத்தனை டேப்பையும் பிய்த்தார்கள். பெட்டிகளில் கட்டி முடித்த வீடு மறுபடி தரையில் கொட்டியது. அவன் தொட்டியைக் காலிசெய்து வாசனைத் திரவத்தை ஊற்றினான். ப்ளோயரைக் கையால் சுழற்றி எண்ணெயைப் பீய்ச்சினான். புது பெல்ட் மாட்டினான். டோரிஸ் இருமியது... துப்பியது... பாடத் தொடங்கியது. ரோஜா வாசனையோடு.

மூன்று மணிக்குப் பர்செல் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்தார். ஈரக் கார்பெட்டைக் குனிந்து முகர்ந்தார். கறை இருந்த இடம் இப்போது யானைத் தந்தம்போல் வெண்மை. "நம்பிக்கை" என்று பெருமூச்சு விட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார்.

மேவ் கொடுக்கவில்லை. "இந்த வீட்டை வேற யாருக்காவது பேசிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நானே இருந்துக்கறேன்."

அவர் போனபின் ரோவன் குழாயைச் சுருட்டினான், விரித்தான், மறுபடி சுருட்டினான். "பெர்த்?"

"எத்தனையோ ஊரை விட்டுப் போயிருக்கேன். போகப் பிடிக்கலன்னு தோணினது இதுதான் முதல் தடவை." சாவியைப் பைக்குள் போட்டாள். "காரணம் ஊர் இல்ல."

"டோரிஸா?"

"அடி வாங்குவ!"

அவன் குழாயைக் கீழே போட்டான். "மேவ்... காலைல நீ பேஸ்ட் வழிய நின்னியே, அப்பவே எனக்கு எஞ்சின் சத்தம் காதுல விழல. அதை இவ்வளவு நேரம் சொல்லாம இருந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு."

மழை விட்டிருந்தது. சரிவில் மூடுபனி மெல்லப் பிரிய, இரண்டு பேரும் முதல் முறையாக, எதையும் தொடாமல், எங்கும் நகராமல், சும்மா நின்றார்கள்.

சனிக்கிழமை கார்பெட் காய்ந்ததும், பீட்ரூட் கறை அடியிலிருந்து ஊறி மேலே வந்து பழைய இடத்திலேயே நின்றது.