சுண்டெலிக்கு ஓர் உதை

அம்மாவின் வயிற்றுக்குள் இருந்த பாப்பா எல்லாரையும் உதைத்துவிட்டது. அப்பாவுக்கு ராத்திரிதோறும் உதை. மத்தியானம் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தைக்குக்கூட ஒன்று கிடைத்தது. சுண்டெலிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

பள்ளி விட்டதும் ஓடி வருவாள். பையை ஒரு மூலையில் வீசுவாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் வயிற்றில் கை வைப்பாள்.

"பாப்பா, அக்கா வந்துட்டேன்! ஒரே ஒரு உதை!"

மெஷின் தடதடக்கும். பாப்பா அசையாது.

"அதுக்கு என்னைப் பிடிக்கலைம்மா." ஒருநாள் சுண்டெலி உதட்டைப் பிதுக்கினாள்.

"அடி அசடே! இப்போதான் அதுக்குக் காதே கேட்க ஆரம்பிச்சிருக்காம். அதுக்குள்ள உன்மேல என்ன கோபம்?"

"காது கேட்குதுல்ல? அப்புறம் ஏன் கூப்பிட்டா பேசாம இருக்கு?"

அம்மா சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று முகம் சுளித்தாள். "ஐயோ, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு!"

சுண்டெலி குனிந்து பார்த்தாள். அம்மாவின் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன.

"உன் காலைப் பார்த்தியாம்மா?"

"எங்க பார்க்கிறது? வயிறு மறைக்குது. என் சட்டையையே மூணு தடவை பிரிச்சுத் தைச்சாச்சு."

"எழுந்திரு. போய்ப் படு."

"இந்தச் சட்டைக்கெல்லாம் நூல் வெட்டணும்டி. சாயங்காலம் வந்து கேட்பாங்க."

"நான் வெட்டுறேன். துணியை வெட்டிட மாட்டேன், பயப்படாதே!"

அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். சுண்டெலி முதலில் அவள் காலைப் பிடித்துவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு, பிசிர் நூல்களை வெட்டத் தொடங்கினாள். பாப்பாவை அவள் மறந்தே போனாள்.

டொக்!

பின்னந்தலையில் ஓர் இடி.

"வேலை செய்யறப்போ இடிக்காதேம்மா!"

"நானா? நான் அசையவே இல்லையே!"

டொக்!

கத்தரிக்கோல் கையில் அப்படியே நின்றது. சுண்டெலி மெல்லத் திரும்பினாள். அவள் சாய்ந்திருந்த இடத்தில் அம்மாவின் வயிறு!

"அம்மா... பாப்பா என்னை உதைச்சிடுச்சு! ரெண்டு தடவை!"

"பார்த்தியா? நான் படுத்தா போதும், உள்ளே பந்தாட்டம்தான்."

சுண்டெலி யோசித்தாள். அப்பா தொடுவது ராத்திரி, அம்மா படுத்த பிறகு. அத்தை வந்ததும் அம்மா படுத்திருந்தபோதுதான்.

"அம்மா! நீ மெஷின் மிதிக்கிறப்போ உன் வயிறும் ஆடுதுல்ல? அது பாப்பாவுக்குத் தொட்டில்! அது தூங்குறப்போ வந்து நான் கத்தியிருக்கேன்!"

"அட! இது எனக்கே தோணலையே!"

மறுநாள் சுண்டெலி வந்தபோது மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் பையை வீசவில்லை. சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். அம்மாவின் காதருகே போய்க் கிசுகிசுத்தாள்.

"பாப்பா எழுந்ததும் சொல்லும்மா. எனக்கு உதை வாங்கணும்."