ஈட்டி முனையில் நெருப்பு

“வர்றாங்க! ஆத்தைத் தாண்டிட்டாங்க!”

கோட்டை மாடியிலிருந்து காவலாளி கத்தினான். ஏவிஸ் கையிலிருந்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து. இந்தப் பக்கம் அவள் அப்பா ஓடர்ட் பிரபுவின் கோட்டை. குதிரைக்காரர்கள் கூட்டமாக மேடேறி வந்தார்கள். முன்னால் வந்தவரை ஏவிஸுக்குத் தெரியும். அக்கரைத் தலைவர் நைஜல். அவர் வீட்டில்தான் அவளுடைய அண்ணன் ஆடம் இருந்தான்.

இரண்டு கரைக்காரர்களும் சண்டை போட மாட்டோம் என்று சொன்ன வாக்குக்கு ஈடாக ஆடமை அங்கே அனுப்பியிருந்தார்கள். இங்கிருந்து ஓர் அம்பு பறந்தால் போதும், ஆடம் வீடு திரும்ப மாட்டான்.

அப்பா ராஜாவைப் பார்க்கப் போயிருந்தார். காவல் பொறுப்பு அம்மாவின் தம்பி பியர்ஸ் மாமாவிடம் இருந்தது. மாமாவுக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

“வில்லை எடுங்கடா! கிட்ட வந்ததும் அம்பை விடுங்க!”

“கொஞ்சம் பொறு பியர்ஸ். என் புள்ள அங்க இருக்கான்.” அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

“நல்லாப் பாரு அக்கா. ஈட்டி முனையில நெருப்பு இருக்கா? இல்லையே! அப்போ கொள்ளையடிக்கத்தான் வர்றாங்க.”

மாமா சொன்ன சட்டம் சரிதான். மாட்டைப் பறிகொடுத்தவர் ஆற்றைத் தாண்டித் தேடி வரலாம். ஆனால் ஒளிந்து வரக் கூடாது. மோப்ப நாயோடு, கொம்பு ஊதிக்கொண்டு, எரியும் மண்கட்டியை ஈட்டியில் குத்தித் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த அந்த மண்கட்டிதான் எல்லார் வீட்டு அடுப்பிலும் எரியும். அந்த நெருப்போடு வருகிறவரை யாரும் தடுக்கக் கூடாது.

ஏவிஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நைஜலின் ஈட்டி முனையில் கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

பூம்ம்ம்! கொம்பு முழங்கியது.

“ம்மா!” என்று கீழே தொழுவத்திலிருந்து ஒரு பசு பதில் கொடுத்தது. காலையில் மாமா முழங்கால்வரை சேற்றோடு ஓட்டிவந்த சிவப்புப் பசு அது. சந்தையில் வாங்கினாராம்.

ஏவிஸ் மாமாவின் சேற்றுக் காலைப் பார்த்தாள்.

“மாமா, திருட வர்றவங்க ஊதிக்கிட்டா வருவாங்க? நாய் வேற கூட வருது. மழையில நெருப்பு அணைஞ்சு போச்சு!”

“உனக்கென்ன தெரியும்? போ, போய் பொம்மை வச்சு விளையாடு! டேய், நாணை இழுங்கடா!”

ஏவிஸ் சமையலறைக்குப் பறந்தாள். கனன்றுகொண்டிருந்த ஒரு மண்கட்டியை இடுக்கியால் இரும்புச் சட்டிக்குள் போட்டு மூடினாள். சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி வெளியே ஓடினாள்.

“ஐயோ, ஏவிஸ்!” மேலிருந்து அம்மா அலறினாள். “எல்லாரும் வில்லைக் கீழ போடுங்க! என் பொண்ணு நிக்கிறா!”

குதிரைகள் அவளுக்கு எதிரே வந்து நின்றன. ஏவிஸ் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் நகரவில்லை.

“வழியை விடு பாப்பா,” என்றார் நைஜல். “சட்டப்படிதான் வர்றோம். நெருப்பைப் பாத்தேல்ல?”

“எங்க இருக்கு? நீங்களே பாருங்க.”

நைஜல் நிமிர்ந்து பார்த்தார். நனைந்த மண்கட்டியிலிருந்து சேறு ஒரு சொட்டு அவர் மூக்கிலேயே விழுந்தது. மாடியில் வரிசையாக நின்ற வில்லாளிகளையும் அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“இந்தாங்க, எங்க வீட்டு நெருப்பு.” ஏவிஸ் சட்டியை நீட்டினாள்.

சற்று நேரத்தில் ஈட்டி முனையிலிருந்து புகை எழுந்தது. இனி யாரும் அம்பு விட முடியாது. அம்மாவே இறங்கி வந்து பெரிய கதவைத் திறந்தாள்.

நாய் நேராகத் தொழுவத்துக்கு ஓடியது. சிவப்புப் பசு நைஜலின் கையை நக்கியது. பிறகு நாய் மாமாவின் சேற்றுக் காலை மோந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“எந்தச் சந்தைடா பியர்ஸ்?” என்று கேட்டாள் அம்மா.

“அது வந்து... அக்கா...”

“உன் திருட்டை மறைக்க என் புள்ளையவே பலி குடுக்கப் பாத்தியா? மாட்டை நீயே ஓட்டிட்டுப் போ. ஆடமுக்குப் பதிலா அங்கயே இரு!”

“இவரா?” நைஜல் தலையைச் சொறிந்தார். “சரி, வரட்டும். தொழுவத்தை மட்டும் பூட்டி வைக்கணும்.”

அவர் ஏவிஸைப் பார்த்துக் குனிந்தார். “நீ இல்லேன்னா இன்னிக்கு நாங்க யாரும் வீடு போய்ச் சேந்திருக்க மாட்டோம். உன் அண்ணனை நானே கூட்டிட்டு வர்றேன் பாப்பா.”

பொழுது சாய்வதற்குள் மழை விட்டது. ஆற்றங்கரையிலிருந்து மறுபடி கொம்பு முழங்கியது.

பதில் கொடுக்க இப்போது தொழுவத்தில் பசு இல்லை. ஏவிஸ்தான் கோட்டையே அதிரக் கத்தினாள்.

“அம்மா! கதவைத் திறங்க! ஆடம் வந்துட்டான்!”