இறக்கிவிட ஒரு ஆள்

மிஹாம்போ கபுங்குவுக்குத் தர வேண்டியது நாற்பத்தாறாயிரம் ஷில்லிங். மகள் காய்ச்சலில் கிடந்தபோது வாங்கியது. அதை அடைக்கத்தான் சுமை தூக்க வந்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரன் தபோரா ஊரிலிருந்து மேற்கே பெரிய ஏரிக்கு நடந்த தடத்திலேயே இப்போது நாலு வெள்ளைக்காரர்கள் நடக்கிறார்கள். எல்லாம் அன்றைக்கு மாதிரியே இருக்க வேண்டுமாம். சாமான் முழுக்கத் தலைச்சுமை. தூக்க இருபது பேர், கபுங்குவும் அதில் ஒருவன்.

காலையில் அந்த நாலு பேரில் ஒருவர் பழைய வெள்ளைக்காரனின் நாட்குறிப்பைப் பார்த்துச் சொன்னார்: இந்தக் காட்டில் ஒரு சுமைக்காரன் பின்தங்கிவிட்டான், யாரும் திரும்பிப் போய்த் தேடவில்லை.

"ஒரு சம்பளம் மிச்சம்னு நெனச்சிருப்பான்," என்றான் கபுங்கு. சிரித்தார்கள்.

மத்தியானம் மிஹாம்போவின் செருப்பு வார் அறுந்தது. சுமையை மரக்கவையில் சாய்த்துவிட்டு முடிச்சுப் போட்டான். நிமிர்ந்தபோது பாதையோரம் ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான், முன்னால் ஒரு துணிப்பொதி.

"கை குடுப்பா."

நம்ம ஆள்தான் என்று பொதியை அவன் தலைக்குத் தூக்கிவிட்டான். பொதியில் கனமே இல்லை. அந்த ஆளுக்குச் சும்மாடும் இல்லை.

அதற்குப் பிறகு, சருகில் வெறுங்கால் படும் சத்தம் அவனுக்குப் பின்னாலேயே வந்தது. அவன் மெதுவாக நடந்தால் மெதுவாக, வேகமாக நடந்தால் வேகமாக. மழையில் நனைந்து பெட்டியிலேயே மக்கிப்போன துணியின் வாடையும் கூடவே வந்தது. மரத்தில் தொங்கிய தேன்கூடுகளில் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. அவன் நின்றான். சத்தமும் நின்றது.

தங்குமிடத்தில் இருபது சுமையும் தரையில் இருந்தன. கேட்டுப் பார்த்தான். தூக்கிவிடச் சொன்னவர் யாருமில்லை.

"நாங்கல்லாம் உனக்கு முன்னாடியே வந்துட்டோம்டா," என்றான் கபுங்கு. "அப்ப நீதான் இறக்கிவிடணும். தூக்கிவிட்டவன்தானே இறக்கணும்? பாவம், நின்னுட்டே இருப்பான்."

சொல்லிவிட்டு அவனே சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

வெயில் சாயும் நேரம் மிஹாம்போ விறகுக்குப் போனான். இரண்டு மரங்களுக்கு நடுவே பொதி தெரிந்தது. அதன் கீழே ஆள்.

"இறக்கு."

ஓட நினைத்தான். கை தானாக உயர்ந்தது. இப்போது கனம். தோள் இறங்கும் கனம். எப்படியோ தரையில் வைத்தான்.

அந்த ஆள் கழுத்தை நிமிர்த்தினான். அது காய்ந்த மூங்கில் மாதிரி சடசடத்தது. குனிந்தான். பொதியை எடுத்தான்.

மிஹாம்போவின் தலையில் வைத்தான்.

சும்மாடு நழுவி விழுந்தது. கால் மண்ணில் ஊன்றிக்கொண்டது. அந்த ஆள் கைவீசி, கிழக்கே, வீட்டுப் பக்கம் நடந்தான்.

இரண்டு நாள் தேடினார்கள். சும்மாடு மட்டும்தான் கிடைத்தது; மிஹாம்போ செத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அதைச் சுற்றி நின்றார்கள். அவன் தலையில் பொதியோடு அவர்கள் நடுவிலேயே நின்றான். கத்தினான். யாரும் நிமிரவில்லை.

வழியில் செத்தவன் இடத்தில், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆளுக்கொரு குச்சி போடுவது வழக்கம். முதலில் கபுங்கு போட்டான்.

"அந்த நாப்பத்தாறாயிரத்தை விட்டுட்டேன், மிஹாம்போ. நீ நிம்மதியாப் போ."

குச்சி அவன் பாதத்தில் விழுந்தது. அடுத்தவன் குச்சி ஒடித்தான். கழுத்து இறங்க இறங்க, மிஹாம்போ இரண்டு கையையும் அவர்கள் பக்கம் நீட்டியபடி நின்றான்.