இடது பக்கக் கட்டு

"பேய்க்கு எம்புட்டு எடை இருக்கும் மதினி?"

கொழுந்தன் வெள்ளைத்துரை ஒரு நாள் சீனியம்மாளிடம் கேட்ட கேள்வி அது.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். வாசலில் நின்ற பிக்கப் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

வண்டி காலியாக நின்றது. ஒரு கூடை தக்காளிகூட இல்லை. ஆனாலும் பின்பக்கம் இடது மூலை மட்டும் தாழ்ந்து கிடந்தது...

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள் அந்த மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல!

அந்தக் கேள்வி சீனியம்மாளின் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக அப்படியே நின்றுவிட்டது. ஏன் உறுத்துகிறது என்று அவளுக்கே புரியவில்லை.

வண்டி அவள் புருஷன் காளையுடையது. மேலூர் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவான். எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று "வாரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான். மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான்.

வரவில்லை.

வண்டி மட்டும் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அநாதையாக நின்றது.

'பம்பாய்க்கு ஓடிட்டான்' என்றது ஊர். 'பஸ் ஏறுனதப் பாத்த ஆளு இருக்கு' என்றான் தம்பி வெள்ளைத்துரை. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது.

சீனியம்மாள் தினமும் காலையில் குங்குமச் சிமிழைக் கையில் எடுப்பாள். வைப்பதா, வேண்டாமா என்று ஒரு கணம் விரல் நிற்கும். 'வாரேன்னு சொன்ன மனுசன்... வருவாரு' என்று வைத்துக்கொள்வாள்.

பிழைப்புக்கு அந்த வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். கூலிக்கு வந்த டிரைவர்கள் ஒருவர்கூட நிலைக்கவில்லை.

"முதுகுக்குப் பின்னாடி யாரோ மொனங்குறாகக்கா... ங்ங்ங்... ங்ங்ங்ன்னு. சாமி சத்தியமா நான் வரல."

வெள்ளைத்துரை விடாமல் சொன்னான். "காயலான் கடைக்குத் தள்ளிவிட்ருங்க மதினி. வீட்டுல வச்சுக்கிற வண்டியா இது?"

அவனிடம் சொல்லாமல், கப்பலூர் ரோட்டில் இருந்த சங்கிலியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனாள் சீனியம்மாள்.

*

காலை வெயிலிலேயே தகரக் கொட்டகை கொதித்தது.

மெக்கானிக் சங்கிலி வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டான். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. நிற்காமல் ஆடியது.

"ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சு தாயி."

'செத்து' என்றதும் அவள் முகம் மாறியதைப் பார்த்துப் பதறினான்.

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எண்ணெய் பூராம் ஒழுகிருச்சு. அம்புட்டுத்தேன்."

கடப்பாரையை ஸ்பிரிங்கின் முனையில் கொடுத்து நெம்பினான்.

ங்ங்ங்...

சீனியம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

"இந்தா, ஒங்க பேயி." சங்கிலி சிரித்தான். "ரப்பர் புஷ்ஷு தேஞ்சு, இரும்பும் இரும்பும் ஒரசுது. கிரீசு காணாத பேயி."

சக்கரத்தைக் கழற்றினான். துருவேறிய போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். சுத்தியலால் தட்டித் தட்டி, இடது பக்க ஸ்பிரிங்கை மொத்தமாகக் கீழே இறக்கினான். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கிய அந்த ஸ்பிரிங்கைப் பட்டறையில் 'கட்டு' என்பார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு 'தகடு'.

நடுவில் இரண்டு தகடுகள் ஒடிந்து கிடந்தன.

சங்கிலியின் சிரிப்பு நின்றது.

"காளையண்ணே கல்லு ஏத்துவாரா?"

"கல்லா? காய்கறி தவிர எதையும் தொடமாட்டாக. ஏண்ணே?"

"ஒரு மூலையில மட்டும் பெரும்பாரத்த வச்சாத்தேன் இப்பிடி ஒடியும். காயி கத்திரிக்காய்க்கெல்லாம் ஒடியாது தாயி. வலது கட்டு பூப்போல இருக்கு."

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணும் என்று இரண்டு பக்கமும் புதுக் கட்டு போட்டான். புது புஷ், புது ஷாக் அப்சார்பர். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினான்.

"புதுக் கட்டு அல்வா மாதிரி தாயி. ஓட ஓட செட்டாகி இன்னும் கொஞ்சம் எறங்கும். பயப்படக் கூடாது."

பிறகு எட்ட நின்று பார்த்தான்.

தலையைச் சொறிந்தான்.

இடது மூலை... இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தே நின்றது!

"என்னண்ணே?"

"டயர்ல காத்து சரியா இருக்கு... கட்டும் ஒரே கடையில வாங்குன ஜோடி..." அவன் குரல் இறங்கியது. "தெரியல தாயி."

அப்போதுதான் மோட்டார் பைக் ஒன்று வந்து நின்றது.

வெள்ளைத்துரை.

"மதினி, இங்கிட்டு என்ன பண்றீக? காயலான் கடைக்காரன் வீட்டுல வந்து நிக்கிறான்." சங்கிலியிடம் திரும்பினான். "என்னய்யா நோண்டிக்கிட்டு இருக்க?"

"நோண்டி முடிச்சாச்சு மாப்ள. இடது பக்கக் கட்ட அவுத்துட்டேன்."

வெள்ளைத்துரையின் கையிலிருந்த பைக் சாவி கீழே விழுந்தது.

"எந்த... எந்தக் கட்ட?"

"எந்தக் கட்டா? ஒங்க அண்ணே வண்டியில வேற எத்தன கட்டு இருக்கு? உள்ள தகடு ஒடஞ்சு கெடந்துச்சு. தூக்கிக் குப்பையில போட்டாச்சு."

"தகட்ட குப்பையிலயா போட்ட? யாரக் கேட்டுய்யா அவுத்த?"

"ஒங்க மதினியாரக் கேட்டுத்தேன். அத அவுத்தாத்தானே ஆளு ஏறி உக்கார முடியும்?"

வெள்ளைத்துரை மெல்ல வண்டியைப் பார்த்தான்.

காலி வண்டி. தாழ்ந்த இடது மூலை.

"உக்காந்து... உக்காந்துட்டாரா?"

"அதத்தேன் எனக்கும் புரியல. அந்தா பாருங்க, அமுங்கித்தான நிக்கிது?"

வெள்ளைத்துரை கருப்பு எண்ணெய் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"கல்லக் கட்டித்தானய்யா எறக்குனேன்... அம்புட்டுப் பெரிய கல்லு... எப்பிடி ஏறி வந்தாரு?"



சீனியம்மாளின் விரல்கள் வண்டியின் பலகையை இறுகப் பற்றின.

டயர் குவியலுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்தார். பனியன், துண்டு. பிரேக் பிடிக்காத ஸ்டேஷன் ஜீப்பைப் பட்டறையில் விட்டுவிட்டு, புழுக்கம் தாங்காமல் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்திருந்த ஏட்டு முத்துக்கருப்பன். காளையைப் 'பம்பாய்' என்று எழுதியவரும் அவர்தான்.

நிதானமாகச் சட்டையை மாட்டினார்.

"எந்தக் கல்லு தம்பி?"

அதற்குப் பிறகு வெள்ளைத்துரையை யாரும் அடிக்கத் தேவைப்படவில்லை. எல்லாம் கொட்டியது. மேலூரில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான நிலம். குவாரிக்குக் கொடுக்கத் தம்பி துடித்தான். அண்ணன் கைநாட்டு வைக்க மறுத்தான். பின்னந்தலையில் ஓர் அடி. அண்ணனின் வண்டியிலேயே அண்ணனையும் ஒரு பாறையையும் இடது மூலையில் ஏற்றி, கைவிட்ட குவாரிக் குட்டையில்...

"பேயா வந்துரும்னு மந்திரவாதிகிட்டக் கட்டு கட்டுனேன். செப்புத் தகடு எழுதி, சீட்டுக்கு அடியில... அதப் போயி அவுத்துட்டானே!"

ஏட்டு வண்டியின் சீட்டுக்கடியில் கையை விட்டார். சிவப்புத் துணி சுற்றிய செப்புத் தகடு வந்தது. முடிச்சுகூடக் கலையவில்லை.

"ஒன் கட்டு பத்திரமா இருக்குப்பா. அவன் அவுத்தது ஸ்பிரிங்கு கட்ட."

வெள்ளைத்துரை வாயைத் திறந்தபடி சங்கிலியைப் பார்த்தான். சங்கிலி, குப்பையில் கிடந்த ஒடிந்த பட்டையைக் காலால் தள்ளிக் காட்டினான்.

சீனியம்மாள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"ஊரே பம்பாய்ல இருக்காருன்னு சொன்னப்ப, பேய்க்கு எம்புட்டு எடைன்னு நீ மட்டுந்தேன் கேட்ட."

தொண்டையில் நின்ற முள் இறங்கிவிட்டது. கூடவே வேறு எதுவோ உடைந்தும் போனது.

*

ஸ்டேஷனிலிருந்து வந்த வேறொரு ஜீப் வெள்ளைத்துரையை ஏற்றிக்கொண்டு, புழுதி கிளப்பியபடி மேலூர்ப் பக்கம் போனது. குட்டையைக் காட்ட.

சங்கிலி சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீனியம்மாள் வண்டியின் இடது மூலையில் கை வைத்தபடி நின்றாள்.

"கண்டுபிடிச்சிட்டாக," என்றாள், யாரிடமோ. "இனி எதுக்கு இங்கன?"

டொக்.

அவள் கைக்குக் கீழே வண்டி அசைந்தது. இடது மூலை இரண்டு விரல் மேலே எழும்பி, வலது பக்கத்தோடு சமமாக நின்றது.

சங்கிலியின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

"புதுக் கட்டு தாயி... செட்... செட்டாகுது."

"செட்டானா வண்டி எறங்கும்னுதான காலையில சொன்னீக?"

சங்கிலி இரண்டடி பின்னால் போனான்.

வாசல் வெயிலில் ஒருவரும் இல்லை. அவள் காத்திருந்தாள். ஆனால் இந்தத் தடவை அந்த மனிதர் 'வாரேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டார்.

என்ன செய்வது... செத்த பிறகும் பொய் சொல்லத் தெரியாத ஆள்!